பென்சில் காளைக்கு நிறம் கொடுத்தால் கோடு மூழ்கிப் போகிறது: கிரிட்டாவில் என்ன செய்வது?

கொரங்காடு (வெள்ளக்கோவில்)

வணக்கம். ஒரு வாரமாக ஒரே படத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் அப்புச்சி வளர்த்த காங்கேயம் காளையைப் பென்சிலில் வரைந்து, கைப்பேசியில் படம் பிடித்து, கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் திறந்திருக்கிறேன். அந்தக் காளையைக் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் விற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஒரு புகைப்படம்கூட இல்லை. அப்புச்சி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லத்தான் கொம்பின் வளைவை வரைந்தேன்.

திமிலுக்குக் கருஞ்சாம்பல் பூசினால் பென்சில் கீற்றுகள் எல்லாம் அதில் மூழ்கிவிடுகின்றன. பக்கெட் கருவியால் நிரப்பினால் கோட்டை ஒட்டிச் சுண்ணாம்பு இழுத்தது போல வெள்ளை விளிம்பு நிற்கிறது. அலைதாடியில் (கழுத்துக்கு அடியில் தொங்கும் தோல்) கோடு ஓரிடத்தில் சேரவில்லை. அந்தச் சந்து வழியாக நிறம் கசிந்து வானமே சாம்பலாகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே லேயரில்தான் (படத்தின் ஒரே அடுக்கில்) செய்கிறேன். இதே காளையைச் செவலைக் கன்றின் நிறத்திலும் அப்புச்சிக்குக் காட்ட வேண்டும். மறுபடி முதலிலிருந்து வரைய வேண்டுமா?

திரைஅச்சு (திருப்பூர்)

தம்பி, மறுபடி வரையவே வேண்டாம். நான் பனியன் துணியில் படம் அச்சடிக்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். எங்களுக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனித் திரை. மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, எல்லாம் விழுந்த பிறகு கறுப்புக் கோடு கடைசியில். லேயர் என்பது அந்தத் திரைதான். கோடும் நிறமும் ஒரே இடத்தில் இருந்தால் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும்.

பென்சில் படத்தை மேல் லேயராக வைத்து, அதன் கலப்பு முறையை மல்டிப்ளை என்று மாற்றுங்கள். மேல் லேயரிலும் கீழ் லேயரிலும் உள்ள நிற மதிப்புகளைப் (கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255) பெருக்கி 255ஆல் வகுப்பதுதான் அதன் கணக்கு. தூய வெள்ளை 255 என்பதால் அடியில் உள்ள நிறம் அப்படியே தெரியும். பென்சில் கருமை மட்டும் அதன்மேல் நிற்கும். ஆனால் கைப்பேசியில் எடுத்த தாள் வெள்ளையாக இருக்காது. தாளின் மதிப்பு 220 என்றால் படம் முழுவதும் ஏறக்குறைய 14 சதவீதம் மங்கிவிடும். ஆகவே முதலில் வெளிச்சத்தைச் சரிசெய்யும் லெவல்ஸ் வசதியைத் திறந்து, வலப்பக்க முக்கோணத்தை இடப்பக்கம் நகர்த்தித் தாளை வெளுக்க வையுங்கள். கீற்றுகள் மறையத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். திமிலின் மெல்லிய கீற்றுகள்தான் உங்கள் படத்தின் உயிர்.

அதற்கு அடியில் புது லேயர் எடுத்து நிறத்தைப் பூசுங்கள். வெள்ளை விளிம்பு வருவதற்குக் காரணம், கோட்டின் ஓரம் ஒரேயடியாகக் கறுப்பாக இல்லாமல் படிப்படியாக வெளுப்பதுதான். பக்கெட் அந்த ஓரத்திலேயே நின்றுவிடுகிறது. அதன் அமைப்பில் பரப்பை இரண்டு மூன்று பிக்சல் வளர்க்கும் வசதி உண்டு. அதைக் கூட்டினால் நிறம் கோட்டுக்கு அடியில் நுழைந்துகொள்ளும். பட்டறையிலும் நாங்கள் கறுப்புக் கோட்டுக்கு அடியில் நிறத்தைக் கொஞ்சம் உள்ளே விட்டுத்தான் அச்சடிப்போம். இல்லாவிட்டால் துணி லேசாக நகர்ந்தாலே வெள்ளை பல்லிளிக்கும். அலைதாடியில் உள்ள இடைவெளியைப் பென்சில் லேயரில் அடைக்காதீர்கள், படத்தின் அழகு கெட்டுவிடும். அந்த இடத்தை மட்டும் தூரிகையால் கையாலேயே பூசுங்கள்.

கிளுவைவேலி (தாராபுரம்)

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மயிலைக் காளைக்கு ஒரே சாம்பலைப் பூசிவிடாதீர்கள். எங்கள் பட்டியிலும் காளை நிற்கிறது. உடம்பு வெளிர்சாம்பல், திமிலும் கழுத்தும் முன்னங்கால் சப்பையும் பின்புறமும் கருமை. அந்தக் கருமை எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. ஆகவே கருமைக்குத் தனி லேயர் வைத்து, உடம்பு லேயரோடு ஒரே குழுவில் போட்டு, அதற்கு இன்ஹெரிட் ஆல்ஃபாவை இயக்குங்கள். மென்மையான பெரிய தூரிகையால் எவ்வளவு தாராளமாகப் பூசினாலும் காளையின் உடம்பைத் தாண்டி வெளியே வராது.

கன்று சிவப்பாகப் பிறந்து, ஏறக்குறைய ஆறு மாதத்தில் சாம்பலுக்கு மாறுவது உங்களுக்கே தெரியும். உடம்பு லேயரை நகலெடுத்து, ஏற்கெனவே பூசிய இடத்தில் மட்டும் நிறம் விழும்படி ஆல்ஃபா லாக் போட்டு, செம்பழுப்பை நிரப்புங்கள். கருமை லேயரின் கண் அடையாளத்தை அணைத்துவிட்டால் செவலை நிறம் வந்துவிடும். ஆனால் கன்றுக்குத் திமில் இவ்வளவு எழுந்திருக்காது, கொம்பும் இருக்காது. அதற்கு வேறு கோட்டுப்படம் வரைந்தால்தான் நியாயம்.

கொரங்காடு (வெள்ளக்கோவில்)

இருவருக்கும் நன்றி. மூன்று நாட்கள் பிடித்தன. நீங்கள் சொன்னது சரி அக்கா, கன்றைத் தனியாகத்தான் வரையப் போகிறேன்.

லெவல்ஸ் மாற்றியதும் தாளின் மங்கல் போய்விட்டது. கருமையைத் தனியே வைத்ததால் திமிலில் ஒவ்வொரு பென்சில் கீற்றும் தெரிகிறது, ரோமம் படுத்திருப்பது போல.

நேற்று மாலை அப்புச்சியிடம் மடிக்கணினியைக் காட்டினேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மூக்கணாங்கயிறு மஞ்சள் இல்லையே, சாமி. சிவப்பு" என்றார். கயிறு தனி லேயரில் இருந்தது. அவர் கண் முன்னாலேயே மாற்றினேன். திரைக்கு அருகில் குனிந்து பார்த்து, "இன்னும் கொஞ்சம் வெளுக்கட்டும், வெயிலில் கிடந்த கயிறு" என்றார். அதையும் மாற்றினேன்.