ஆர்டர் எந்த வழியில் வருகிறது? அனலிட்டிக்ஸ் ஒன்று சொல்கிறது, விளம்பர நிறுவனம் ஒன்று சொல்கிறது (கொலுசுக் கடை, சேலம்)

கொலுசுப் பட்டறை:
வணக்கம். செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. அப்பா காலத்தில் மொத்த வியாபாரம் மட்டும்தான். இப்போது வூகாமர்ஸில் (வேர்ட்பிரஸ் தளத்தில் கடை நடத்த உதவும் மென்பொருள்) தளம் போட்டுச் சில்லறையாகவும் அனுப்புகிறோம். தளம், கூகுள் கணக்குகள், இன்ஸ்டாகிராம் விளம்பரம் எல்லாவற்றையும் ஒரு மார்க்கெட்டிங் நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. ஆடிப்பெருக்குக்கு விளம்பரச் செலவை இரண்டு மடங்காக்கச் சொல்கிறார்கள். சம்மதிப்பதற்கு முன்னால் கணக்கைப் பார்க்கலாம் என்று கூகுள் அனலிட்டிக்ஸை (தளத்துக்கு யார், எந்த வழியில் வந்தார்கள் என்று கணக்கு வைக்கும் கருவி) திறந்தேன். ஒன்றும் ஒட்டவில்லை.

எந்த வழியாக ஆர்டர் வந்தது என்ற பட்டியலில் முதலிடத்தில் எங்கள் பேமென்ட் கேட்வேயின் (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) பெயர் இருக்கிறது, பக்கத்தில் 'ரெஃபரல்' (வேறு தளம் அனுப்பியது) என்று. அடுத்தது 'டைரக்ட்' (வந்த வழி தெரியாதது). இன்ஸ்டாகிராம் எங்கேயோ கீழே. ஆனால் நிறுவனம் அனுப்பும் மாத அறிக்கையில் முக்கால்வாசி ஆர்டர் இன்ஸ்டாகிராம் விளம்பரத்தால் வந்தது என்கிறார்கள். பேமென்ட் கேட்வே எப்படி எனக்கு வாடிக்கையாளரைக் கூட்டிவரும்?

அது போக, அனலிட்டிக்ஸில் உள்ள ஆர்டர்கள் எங்கள் பேரேட்டைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பணம் வந்து, பார்சல் போன ஆர்டர்கள் அதில் இல்லவே இல்லை. இன்னொன்று: ஊர்ப் பட்டியலில் 'சேலம்' முதல் வரிசையில் நிற்கிறது. எங்களுக்குச் சேலத்திலிருந்து ஆன்லைன் ஆர்டர் வருவதே அபூர்வம். உள்ளூர்க்காரர்கள் நேரில்தான் வருவார்கள்.

அனலிட்டிக்ஸில் எனக்குக் கொடுத்திருப்பது பார்க்கும் உரிமை மட்டும். வேர்ட்பிரஸ் அட்மின் கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

ஐந்து ரோடு:
கேட்வே விஷயம் ரொம்பப் பேருக்கு இருக்கிறது தம்பி, பயப்பட வேண்டாம். வாடிக்கையாளர் உங்கள் தளத்திலிருந்து பணம் கட்ட கேட்வேயின் பக்கத்துக்குப் போகிறார். கட்டி முடித்ததும் அங்கிருந்து உங்கள் நன்றிப் பக்கத்துக்குத் திரும்புகிறார். அனலிட்டிக்ஸ் அந்தக் கடைசி வருகையைப் பார்த்து, இவரைக் கேட்வேதான் அனுப்பியது என்று எழுதிக்கொள்கிறது. முதலில் எந்த வழியாக வந்தாரோ அதற்குப் போக வேண்டிய பெயர் போய்விடுகிறது.

சரிசெய்ய: அட்மின், டேட்டா ஸ்ட்ரீம்ஸ், உங்கள் ஸ்ட்ரீம், கான்ஃபிகர் டேக் செட்டிங்ஸ், ஷோ மோர், லிஸ்ட் அன்வான்டட் ரெஃபரல்ஸ். அங்கே கேட்வேயின் டொமைனைச் சேர்க்க வேண்டும். பழைய கணக்கு மாறாது, இனி வருவதற்குத்தான் பொருந்தும். இதைச் செய்ய எடிட்டர் உரிமையாவது வேண்டும். வியூவராக இருந்துகொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

'டைரக்ட்' பெருத்துக் கிடப்பதற்கு என் சந்தேகம் வாட்ஸ்அப். குழுவில், ஸ்டேட்டஸில் கொலுசு லிங்க் போடுவீர்கள் அல்லவா? வாட்ஸ்அப்பிலிருந்து தட்டி வருபவர் எங்கிருந்து வந்தார் என்ற தகவல் பெரும்பாலும் கூடவே வராது. எல்லாம் டைரக்டில் விழும். லிங்கின் வாலில் யூடிஎம் (எங்கிருந்து வந்தார் என்று அனலிட்டிக்ஸுக்குச் சொல்லும் குறிப்பு) சேர்த்து அனுப்புங்கள். சோர்ஸில் வாட்ஸ்அப், மீடியத்தில் சோஷியல், கேம்பெயினில் ஆடி. மூன்றையும் ஆங்கிலச் சின்ன எழுத்திலேயே எழுதுங்கள். ஒரு நாள் பெரிய எழுத்து, மறுநாள் சின்ன எழுத்து என்றால் இரண்டும் தனித்தனி வரியாக வந்து நிற்கும். உங்கள் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் லிங்க்குகளில் மட்டும் யூடிஎம் போடவே கூடாது.

மலைக் காப்பி, ஏற்காடு:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் அது பாதிதான். நாங்கள் நாகலூர்ப் பக்கம் விளையும் மிளகும் காப்பித்தூளும் தளத்தில் விற்கிறோம். அன்வான்டட் ரெஃபரல் சேர்த்த பிறகு கேட்வே பெயர் மறைந்தது, அதே எண்ணிக்கை அப்படியே டைரக்டுக்குப் போய் உட்கார்ந்தது.

காரணம் யூபிஐ. இன்ஸ்டாகிராமில் விளம்பரத்தைத் தட்டினால் தளம் இன்ஸ்டாகிராமுக்கு உள்ளேயே இருக்கும் சின்ன பிரவுசரில் திறக்கிறது. அங்கே கொலுசைத் தேர்ந்தெடுத்து, யூபிஐ என்று அமுக்கினால் ஃபோன் பணம் கட்டும் ஆப்புக்குத் தாவுகிறது. கட்டி முடித்துத் திரும்பும்போது சில ஃபோன்களில் குரோம் திறந்துகொள்கிறது. குரோமுக்கு இந்த ஆள் புது ஆள். இன்ஸ்டாகிராம் பிரவுசரில் இருந்த குக்கி (ஆளை அடையாளம் காண வைக்கும் சின்னக் குறிப்பு) அங்கே கிடையாது. வந்த வழி அறுந்துபோகிறது.

பேரேட்டைவிட ஆர்டர் குறைவதும் இதே இடத்தில்தான். நிறையப் பேர் யூபிஐ ஆப்பில் பச்சை டிக் வந்ததும் ஃபோனைப் பையில் போட்டுவிடுவார்கள். நன்றிப் பக்கம் திறக்காது. அந்தப் பக்கத்தில்தான் டேக் (அனலிட்டிக்ஸுக்குச் செய்தி அனுப்பும் சின்ன நிரல்) இருக்கிறது என்றால் ஆர்டர் அனலிட்டிக்ஸுக்குத் தெரியவே தெரியாது. இதற்கு வழி, சர்வரிலிருந்து அனுப்புவது. பணம் வந்தது என்று கேட்வே உங்கள் தளத்துக்கு வெப்ஹூக் (தானாகப் போகும் செய்தி) அனுப்பும், வூகாமர்ஸில் ஆர்டர் 'பிராசஸிங்' ஆகும். அந்த நேரத்தில் மெஷர்மென்ட் புரோட்டோகால் (சர்வரிலிருந்து நேராகக் கணக்கு அனுப்பும் முறை) வழியாக அனலிட்டிக்ஸுக்கு விற்பனையைச் சொல்லும் பிளக்இன்கள் (தளத்தில் சேர்க்கும் துணை மென்பொருள்) இருக்கின்றன. இரண்டு விஷயம் பாருங்கள். வாடிக்கையாளர் பணம் கட்டப் போகும் முன்பே அவருடைய கிளையன்ட் ஐடியை (அவர் பிரவுசருக்கு அனலிட்டிக்ஸ் வைத்த எண்) ஆர்டரோடு சேமிக்கும் பிளக்இன்னாக இருக்க வேண்டும், இல்லையென்றால் விற்பனை வரும், வந்த வழி வராது. அப்புறம், நன்றிப் பக்கத்து டேக்கை நிறுத்திவிட வேண்டும். இரண்டும் ஓடினால் ஒரே ஆர்டர் இரண்டு முறை ஏற வாய்ப்பு உண்டு.

'சேலம்' புதிருக்கு: அந்த அறிக்கையில் ஊருக்குப் பக்கத்தில் கூட்டல் குறியை அமுக்கி, நாட்டையோ ரீஜனையோ (மாநிலம்) சேர்த்துப் பாருங்கள். வியூவருக்கும் இது வேலை செய்யும். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தின் தலைநகர் சேலம். மாசசூசெட்ஸில் 1692 சூனிய வழக்குகளால் பெயர்பெற்ற சேலம் இன்னொன்று. நம் சேலத்து ஆட்களோ, மொபைல் இணையத்தில் வரும்போது சென்னை, பெங்களூரு கணக்கில் விழுவது சகஜம். ஊர்ப் பட்டியலை நம்பி முடிவெடுக்காதீர்கள். பார்சல் போன முகவரிதான் உண்மை.

கொலுசுப் பட்டறை:
ரீஜன் சேர்த்துப் பார்த்தேன். சேலத்தில் பெரும்பகுதி ஆரிகன்! வந்தவர்கள் சில நொடிகூட நிற்கவில்லை. கூகுள் விளம்பரமும் கொஞ்சம் ஓடுகிறது, அதில் இடம் என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறேன். இன்ஸ்டாகிராம் அறிக்கை மட்டும் இன்னும் புரியவில்லை. அவர்கள் பொய் சொல்கிறார்களா?

ஐந்து ரோடு:
பொய் என்று சொல்ல முடியாது தம்பி. இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் கணக்கு முறை வேறு. விளம்பரத்தைத் தட்டி 7 நாளுக்குள் வாங்கினாலும், தட்டாமல் வெறுமனே பார்த்து 1 நாளுக்குள் வாங்கினாலும் மெட்டா தன் பெயரில் எழுதிக்கொள்ளும். அதுதான் வழக்கமான அமைப்பு. உங்கள் பழைய வாடிக்கையாளர் காலையில் விளம்பரத்தைக் கடந்து போய், மாலையில் நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிங்கில் வாங்கினால் அதுவும் விளம்பரக் கணக்கில் சேரும். தட்டியவர்களை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஆட்ஸ் மேனேஜரில் அந்த வசதி இருக்கிறது.

கூடவே, செக்அவுட்டில் 'எங்களை எப்படித் தெரியும்?' என்று ஒரே ஒரு கேள்வி வையுங்கள். கட்டாயமாக்க வேண்டாம். எந்த டேக்கும் பிடிக்காததை வாடிக்கையாளர் வாயாலேயே சொல்லிவிடுவார்.

அஸ்தம்பட்டி அக்கா:
டேக் வேலைக்கு முன்னால் ஒன்று சொல்கிறேன் தம்பி. உங்கள் கடையின் கணக்கில் நீங்கள் வெறும் பார்வையாளர். எனக்கு அதுதான் பெரிய பழுதாகத் தெரிகிறது. சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவள் நான். நிறுவனத்தோடு மனஸ்தாபம் வந்த பிறகு சாவி கேட்டு அலைகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனசு நொந்திருக்கிறது. உறவு நன்றாக இருக்கும்போதே எல்லாவற்றையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

முதலில் டொமைன். அது கடையின் கிரயப் பத்திரம் மாதிரி. எந்த ரெஜிஸ்ட்ராரில் (டொமைன் பதிவு செய்யும் நிறுவனம்), யாருடைய கணக்கில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். புதுப்பிக்கும் தேதியையும் கேளுங்கள். ஒரே ரெஜிஸ்ட்ராருக்குள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றுவது எளிது. டொமைன் உங்கள் கையில் இருந்தால் டிஎன்எஸ்ஸில் (டொமைனின் அமைப்புப் பட்டியல்) ஒரு டிஎக்ஸ்டி வரி சேர்த்துச் சர்ச் கன்சோலில் (கூகுள் தேடலில் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கருவி) நீங்களே உரிமையாளர் என்று நிரூபித்துக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டாம்.

அனலிட்டிக்ஸில் அந்த வசதி இல்லை. இருக்கிற அட்மினிஸ்ட்ரேட்டர் மனசு வைத்தால்தான் உண்டு. கேளுங்கள். கொடுக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கடையின் பெயரில் தனி ஜிமெயில் தொடங்கி, உங்கள் பெயரில் புது ப்ராப்பர்ட்டி (அனலிட்டிக்ஸில் ஒரு தளத்துக்கான தனிக் கணக்கு) உருவாக்கி, பழையதோடு கூடவே ஓட விடுங்கள். ஒரே தளத்தில் இரண்டு ப்ராப்பர்ட்டி ஓடலாம், ஒன்றை ஒன்று இடிக்காது. வேர்ட்பிரஸ் உங்கள் கையில் இருப்பதால் இன்றைக்கே முடியும். பழைய அறிக்கைகளை வியூவராகவே மாதவாரியாகச் சிஎஸ்வியாக (எக்செலில் திறக்கும் பட்டியல்) இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய யூனிவர்சல் அனலிட்டிக்ஸ் நினைவிருக்கும். 2023 ஜூலை 1 முதல் புதுக் கணக்கு ஏறுவது நின்றது, ஒரு வருடம் கழித்துப் பார்க்கும் வழியும் அடைபட்டது. இறக்கி வைத்தவர்களிடம் மட்டும்தான் பழைய வருடங்கள் இருக்கின்றன.

புது ப்ராப்பர்ட்டி தொடங்கும்போது நேர மண்டலத்தை இந்தியா, நாணயத்தை ரூபாய் என்று வையுங்கள். பலருக்கு அது லாஸ் ஏஞ்சலஸ், டாலர் என்றே கிடக்கிறது. கோடையில் அங்கே நள்ளிரவு ஆகும்போது நமக்கு மதியம் 12.30. திங்கள் காலை வந்த ஆர்டர் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் போய்ச் சேரும். டேட்டா ரிட்டென்ஷன் (விவரங்களை வைத்திருக்கும் காலம்) 2 மாதம் என்று இருக்கும், அதை 14 மாதமாக்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆடியில் எக்ஸ்ப்ளோரேஷனில் (விவரமாக அலசும் பகுதி) இந்த ஆடியோடு ஒப்பிட முடியாது.

கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் (கூகுள் மேப்பில் கடையைக் காட்டும் பக்கம்) நீங்கள் முதன்மை உரிமையாளராக இருக்க வேண்டும், நிறுவனம் மேனேஜராக இருந்தால் போதும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கத்தை உங்கள் பெயரிலான பிசினஸ் போர்ட்ஃபோலியோவில் (மெட்டாவில் கடையின் பக்கங்களையும் விளம்பரக் கணக்கையும் வைக்கும் இடம்) வைத்து, நிறுவனத்தைப் பார்ட்னராகச் சேருங்கள். பிக்சல் (மெட்டாவின் டேக்) அவர்கள் பெயரில் இருந்தால் புதிதாக ஒன்று உருவாக்குவதே மேல்.

கொலுசுப் பட்டறை:
ரொம்ப நன்றி அக்கா. புது ப்ராப்பர்ட்டி போட்டுவிட்டேன். நிறுவனத்தாரும் முகம் சுளிக்காமல் எடிட்டர் உரிமை கொடுத்தார்கள். கூகுள் விளம்பரத்தில் இடம் ஆரிகன் சேலம் என்றே இருந்தது, மாற்றியாகிவிட்டது. டொமைன் மட்டும் 'பார்க்கிறோம்' என்கிறார்கள். அதை விடப்போவதில்லை.

உரிமை பற்றிப் பேசும்போதே ஒன்று கேட்க வேண்டும். கொலுசுப் படங்கள் எல்லாம் அவர்களுடைய கூகுள் டிரைவில் இருக்கின்றன. எங்களிடம் இருப்பது வாட்ஸ்அப்பில் வந்த பிரதிகள். பெரிதாக்கினால் முத்தும் கண்ணியும் கலங்கித் தெரிகிறது. பல படங்களில் பழைய விலை வேறு அச்சாகியிருக்கிறது.

மலைக் காப்பி, ஏற்காடு:
வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். மூலப் படங்களை டிரைவிலிருந்து நேராக இறக்கி உங்கள் கணக்கில் ஏற்றுங்கள். பகிர்ந்து கொடுத்தால் போதாது. கோப்பு அவர்கள் பெயரில் இருக்கும்வரை அவர்கள் அழித்தால் உங்களுக்கும் போய்விடும். வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டும் என்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

பெயர் வைப்பதில் பட்டறையின் டிசைன் எண்ணையே பிடித்துக்கொள்ளுங்கள். டிசைன் எண், நீளம் எத்தனை அங்குலம், எந்தக் கோணம். ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், நடுவில் சின்னக் கோடு. அந்த எண்ணே வூகாமர்ஸில் எஸ்கேயூவாகவும் (சரக்கின் அடையாள எண்) இருந்தால், அனலிட்டிக்ஸில் ஒரு டிசைன் ஓடுகிறது என்று தெரிந்த நிமிடமே அதன் படம், இருப்பு, பேரேட்டு வரி மூன்றும் கையில் கிடைக்கும். எடையைக் கோப்புப் பெயரில் சேர்க்காதீர்கள், ஜோடிக்கு ஜோடி மாறும்.

படத்தின்மேல் விலை எழுதுவதை அடியோடு நிறுத்துங்கள். வெள்ளி விலை தினமும் மாறுகிறது. பழைய விலையோடு ஒரு படம் குழுக்களில் சுற்றினால் ஆடி முழுக்க அதற்குப் பதில் சொல்வதே உங்கள் வேலையாகிவிடும். மூலப் படத்தைத் தொடாமல் தனிக் கோப்புறையில் வையுங்கள். தளத்துக்குப் போவது சுருக்கிய வெப்பி (கோப்பு அளவு குறைந்த பட வடிவம்) பிரதியாக இருக்கட்டும். பக்கத்தின் முக்கியப் படம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. கேமரா படத்தை அப்படியே ஏற்றினால் மலை மேல் எங்கள் சிக்னலில் அது நடக்காது.

கொலுசுப் பட்டறை:
நிலவரம் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேடி வருபவர்களுக்கு உதவும். சர்வர் வழி பிளக்இன் போட்ட பிறகு பேரேடும் அனலிட்டிக்ஸும் கிட்டத்தட்ட ஒன்றாக வருகின்றன. கேட்வே பெயர் பட்டியலில் இல்லை. யூடிஎம் போட்ட வாட்ஸ்அப் லிங்க் இன்ஸ்டாகிராமுக்கு மேலே ஏறி நிற்கிறது. செக்அவுட் கேள்விக்குப் பலர் 'தோழி அனுப்பினாள்' என்றே எழுதுகிறார்கள். விளம்பரச் செலவை இப்போதைக்குக் கூட்டவில்லை.

ஒரு கடைசிச் சந்தேகம். பார்சலில் வைக்கும் அட்டையில் கியூஆர் அச்சடிக்கப் போகிறோம். அதற்கும் யூடிஎம் தேவையா?

ஐந்து ரோடு:
கட்டாயம் தேவை. ஆனால் நீண்ட லிங்கை நேராகக் கியூஆரில் அடிக்காதீர்கள். உங்கள் டொமைனிலேயே சின்னதாக ஒரு முகவரி வைத்து, அதிலிருந்து யூடிஎம் உள்ள பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். பண்டிகைக்குப் பண்டிகை திருப்பும் இடத்தை மாற்றலாம், அச்சடித்த அட்டை வீணாகாது. இலவசக் கியூஆர் தளங்களின் சுருக்க முகவரி வேண்டாம், சாவி மறுபடியும் இன்னொருவர் கைக்குப் போகும். அதனால் டொமைன் உங்கள் பெயருக்கு வந்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.