குரூப் 4-ல் வந்த திறமையான தம்பியைத் தக்கவைக்க ஒரு கண்காணிப்பாளரால் என்ன செய்ய முடியும்?

பிரிவு_கண்காணிப்பாளர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மாவட்ட அளவிலான ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். என் பிரிவில் மூன்று சீட்டுகள், அதாவது மூன்று பேர் பார்க்க வேண்டிய வேலை. ஆள் இருப்பது ஒன்றில்தான். மற்ற இரண்டும் அவருக்கே கூடுதல் பொறுப்பு. அவரைப் பற்றித்தான் கேட்க வந்தேன்.

2022-ல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதி வந்த தம்பி. பி.இ. மெக்கானிக்கல், வீட்டில் முதல் பட்டதாரி. அந்த முறை 7,301 இடங்களுக்கு சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். ஜூலையில் எழுதிய தேர்வுக்கு அடுத்த ஆண்டு மார்ச்சில்தான் முடிவு வந்தது. அவ்வளவையும் தாண்டி வந்தவர், வந்த பிறகும் ஆர்வம் குறையாமல் வேலை செய்கிறார். திங்கள்கிழமை குறைதீர் நாளில் வரும் மனுக்களை 'உரிய நடவடிக்கைக்கு' என்று எழுதிக் கீழே அனுப்புவதுதான் எங்கள் வழக்கம். இவர் மனுதாரருக்கு போன் செய்து, எந்த ஆவணம் இல்லை என்று கேட்டு, அதையும் குறிப்பில் எழுதி அனுப்புகிறார். ஒரே மனு திரும்பத் திரும்ப வருவது எங்கள் பிரிவில் கண்கூடாகக் குறைந்துவிட்டது.

இப்போது குரூப் 2-க்குப் படிக்கிறார். அது கிடைக்காவிட்டால் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனிக்கே போய்விடலாம் என்று நினைக்கிறார். சம்பளம் மட்டும் காரணம் இல்லை. "மேடம், இங்கே நான் என்ன கத்துக்கிறேன்னே தெரியலை" என்று சொன்னார். எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. நாள் முழுக்க நான்கு பிரிவுகளின் கம்ப்யூட்டர் வேலையும் அவர் தலையில்தான் விழுகிறது.

19,500 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தை நான் கூட்டித் தர முடியாது. பதவி உயர்வு பணிமூப்புப்படிதான் வரும். காலியிடத்தை நிரப்பவும் எனக்கு அதிகாரம் இல்லை. என் நிலையில் இருப்பவர் கையில் என்னதான் இருக்கிறது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

காவிரிக்கரை_உதவியாளர்:

மேடம், நானும் குரூப் 4-ல் வந்து இப்போது உதவியாளராக இருக்கிறேன். முதலில் ஒன்று. அவர் குரூப் 2 எழுதுவதை அலுவலகத்துக்கு வரும் நஷ்டமாக நினைக்காதீர்கள். சார் பதிவாளராகப் போனாலும், துணை வணிகவரி அலுவலராகப் போனாலும் அவர் அரசு வேலையில்தான் இருக்கப்போகிறார். கம்பெனிக்குப் போனால்தான் நமக்கு இழப்பு.

நான் முதலில் சேர்ந்த அலுவலகத்தில், படிக்கிறேன் என்று தெரிந்ததுமே முகம் மாறியது. தேர்வு எழுத அலுவலகம் தர வேண்டிய தடையின்மைச் சான்றைக் கேட்ட கடிதம் மேசை மேசையாக நகர்ந்தது. அந்த நாட்களில் அலுவலகத்தின் மேல் இருந்த பற்று எனக்கு முழுதாகப் போய்விட்டது. நீங்கள் அந்தச் சான்றை உடனே வாங்கிக் கொடுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் அவர் கேட்கிற விடுப்பையும் இழுக்காமல் கொடுங்கள். அப்புறம், அரசு ஊழியர்களுக்கு நடக்கும் மே, டிசம்பர் துறைத் தேர்வுகளை நினைவுபடுத்துங்கள். கணக்குத் தேர்வும் மாவட்ட அலுவலக நடைமுறைத் தேர்வும் எழுதாமல் விட்டுவிட்டுப் பின்னால் தவிப்பவர்கள் நிறையப் பேர். குரூப் 2 படிப்பின் வேகத்தில் இது மறந்துபோகும்.

ஓய்வு_வட்டாட்சியர்:

அம்மா, வணக்கம். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வியைப் படித்ததும் நிறையச் சொல்லத் தோன்றுகிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1929-லேயே சென்னை மாகாணம் தனக்கென்று ஒரு தேர்வாணையம் வைத்துக்கொண்டது. நாட்டில் மாகாண அளவில் அதுதான் முதல். ஆளைத் தேர்ந்தெடுப்பதில் நமக்கு ஏறக்குறைய நூறு வருடப் பழக்கம் இருக்கிறது. சேர்வதற்கு முன்னால் கைகொடுக்கவும் இப்போது திட்டங்கள் வந்துவிட்டன. 'நான் முதல்வன்' திட்டத்தில் குடிமைப்பணித் தேர்வுக்குப் படிக்கும் 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய், 10 மாதம் தருகிறார்கள். முதல்நிலை தேறினால் 25,000. நல்ல காரியம். ஆனால் சேர்ந்த பிறகு ஒருவன் வளர்வானா என்பது, அவனுக்கு முதலில் வாய்க்கும் தலைமை எழுத்தரையோ கண்காணிப்பாளரையோ பொறுத்துத்தான் இன்றும் இருக்கிறது. எனக்கு நல்லவர் வாய்த்தார். அந்தத் தம்பிக்கு நீங்கள் வாய்த்திருக்கிறீர்கள்.

என் தலைமை எழுத்தர் செய்ததைச் சொல்கிறேன். முதலில் தபால் பிரிவில் உட்கார வைத்தார். அலுவலகத்துக்கு என்னென்ன வருகிறது, யாரிடம் போகிறது என்பது அங்கேதான் புரியும். பிறகு முடிந்துபோன கோப்புகளை பதிவறையிலிருந்து எடுத்துக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். முடிந்த கோப்பை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பதற்கான வகைகள் உண்டு, ஏன் இது ஆர்.டிஸ்., ஏன் அது எல்.டிஸ். என்று கேட்பார். நான் எழுதும் குறிப்பை அவர் திருத்தி எழுதியதே இல்லை. ஓரத்தில் பென்சிலால் 'எந்த விதிப்படி?', 'மனுதாரர் கேட்டது இதுவா?' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். மறுபடி எழுத எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் பின்னாளில் நான் போட்ட ஆணைகள் மேல்முறையீட்டில் நின்றதற்கு அந்தப் பென்சில் எழுத்துதான் காரணம் என்று மனமார நம்புகிறேன்.

"என்ன கத்துக்கிறேன்னே தெரியலை" என்று தம்பி சொன்னதற்கு இதுதான் மருந்து. நான்கு பிரிவுக்கு டைப் செய்பவனுக்கு விதி எதுவும் மனதில் பதியாது. அவரவர் பிரிவு வேலையை அவரவர் உள்நுழைவில் செய்யட்டும் என்று, அலுவலக நிர்வாகத்தைப் பார்க்கும் நேர்முக உதவியாளரிடம் பேசி ஒரு அலுவலக ஆணை வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னால் ஒரு வாரம்தான் நிற்கும்.

இன்னொன்று, இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. திறமையான பையன் சீக்கிரமே ஒன்றைக் கவனித்துவிடுவான். கோப்பை நகர்த்துகிறவனுக்குத்தான் தணிக்கை ஆட்சேபனை வருகிறது, விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வருகிறது. கிடப்பில் போட்டவனுக்கு ஒன்றும் வருவதில்லை. 17(ஆ) என்ற ஒழுங்கு நடவடிக்கை ஒன்று நிலுவையில் இருந்தால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் நின்றுவிடும் என்பது முதல் வருடத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பயம் பிடித்துவிட்டால் எவ்வளவு கெட்டிக்காரனும் 'மேலிடத்து உத்தரவுக்கு' என்று எழுதிவிட்டு ஒதுங்கத்தான் பார்ப்பான். அவர் நியாயமாக ஒரு பரிந்துரை எழுதினால், அதற்குக் கீழே 'பரிசீலித்தேன், ஏற்கலாம்' என்று உங்கள் காரணத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வெறும் சுருக்கொப்பம் போதாது. நாளைக்குக் கேள்வி வந்தால் அவர் தனியாக நிற்கக் கூடாது. நீங்கள் தரக்கூடிய பாதுகாப்பில் பெரியது இதுதான்.

மனு விஷயத்தில் அவர் செய்ததை ஒரு பக்கத்துக்கு எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஆய்வுக் கூட்டத்துக்கு அவரையே அழைத்துப்போய்ச் சொல்ல வையுங்கள். அவர் செய்த வேலை அவர் பெயரிலேயே மேலே போகட்டும்.

மலைமாவட்டத்து_இ_உ:

அக்கா, ஐயா சொன்னதெல்லாம் சரி. நான் பெண்கள் பக்கம் ஒன்று சொல்கிறேன், நாளை உங்கள் பிரிவுக்கு ஒரு தங்கையும் வரலாம்.

கலந்தாய்வில் என் முறை வந்தபோது சொந்த மாவட்டத்தில் இடமே இல்லை. குடும்பத்தை விட்டு இவ்வளவு தூரம் வந்தேன். முதல் மாதம் வேலையை விட வீடு தேடுவதுதான் பெரும்பாடு. பெரிய ஊர்களில் அரசின் தோழி விடுதி இருக்கிறது, இங்கே இல்லை. எங்கள் கண்காணிப்பாளர் அம்மா தனக்குத் தெரிந்த வீட்டு மாடியைப் பேசி முடித்துக் கொடுத்தார். நான் வேலையை விடாமல் இருப்பதற்கு அதுவே முதல் காரணம்.

அடுத்து, மகப்பேறு விடுப்பு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். ஆனால் அந்தக் காலம் தகுதிகாண் பருவத்தில் சேராததால் என்னோடு சேர்ந்த ஆண்கள் முன்னால் போய்விட்டார்கள். 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில், இனி அதையும் சேர்த்துக் கணக்கிடலாம் என்று அறிவித்தார். இது தெரியாத அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. இப்படி ஓர் ஆணை வந்தால் அதைப் படித்துப் பார்த்து 'உனக்கு இது பொருந்தும், விண்ணப்பம் கொடு' என்று சொல்ல ஒரு மேலதிகாரி இருந்தால் போதும். புதிதாக வந்தவர்களுக்கு தாங்கள் எதையெல்லாம் கேட்கலாம் என்பதே தெரியாது.

புதிதாகச் சேர்ந்த அரசு ஊழியர்களுக்கான பவானிசாகர் பயிற்சியை முடித்துவிட்டாரா அந்தத் தம்பி? எனக்கு விதிகள் விளங்கியது அங்கேதான். பல துறையிலிருந்து வந்தவர்களோடு தங்கிப் படித்தபோது, நம்மைப் போல் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற தெம்பும் வந்தது.

பிரிவு_கண்காணிப்பாளர்:

மூவருக்கும் நன்றி. ஐயா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு நேர்முக உதவியாளரிடம் பேசினேன். கம்ப்யூட்டர் வேலையை அந்தந்தப் பிரிவே பார்க்க வேண்டும் என்ற ஆணைக்கு ஒப்புக்கொண்டார். மற்ற பிரிவுகளில் முணுமுணுப்பு இருக்கிறது. வயதில் மூத்த இருவருக்குத் தட்டச்சே சிரமம், அவர்களுக்கு தம்பி மாலையில் சொல்லித் தருவதாக அவரே முன்வந்தார். கூடுதல் பொறுப்பில் ஒரு சீட்டை நானே பார்த்துக்கொள்கிறேன்.

தங்கை, அவர் பவானிசாகர் இன்னும் போகவில்லை. ஆள் இல்லை என்று சொல்லி இரண்டு முறை அலுவலகமே விடுவிக்காமல் வைத்திருக்கிறது. அடுத்த அணியில் பெயர் சேர்க்கக் கடிதம் தயார் செய்துவிட்டேன். அவர் இல்லாத நாட்களில் பிரிவை ஓட்டுவது கஷ்டம்தான், ஓட்டிக்கொள்வோம். தடையின்மைச் சான்றும் அதே நாளில் கையெழுத்துக்குப் போகிறது.

ஐயாவிடம் ஒரு கேள்வி. பரிந்துரைக்குக் கீழே நான் காரணத்தோடு கையெழுத்துப் போட்டும் மேலே அதை ஏற்காமல் வாய்மொழியாக வேறு மாதிரி செய்யச் சொன்னால், நீங்கள் கோப்பில் எப்படிப் பதிவு செய்வீர்கள்?

ஓய்வு_வட்டாட்சியர்:

'இன்ன தேதியில் இன்ன அலுவலருடன் கலந்து பேசியதில் இவ்வாறு அறிவுறுத்தப்பட்டது' என்று குறிப்பில் எழுதி, அதே கோப்பை அவர் பார்வைக்கே வையுங்கள் அம்மா. சொன்னது சரி என்றால் கையெழுத்துப் போடுவார். இல்லையென்றால் உங்கள் பரிந்துரைக்கே திரும்பி வருவார். நான் அப்படித்தான் செய்தேன். தம்பிக்கும் இதைக் கற்றுக் கொடுங்கள்.