கிளினிக்கில் கூட்டம் குறைகிறது, குறையை எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் அக்கா 14 வருடமாக கிளினிக் நடத்துகிறார். கணக்கு வழக்கும் மருந்துக் கடையும் என் பொறுப்பு. இரண்டு வருடமாக வருமானம் இறங்கிக்கொண்டே போகிறது. பக்கத்தில் புது ஆஸ்பத்திரி வந்ததுதான் காரணம் என்கிறார் அக்கா. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

போன வாரம் டோக்கன் கொடுத்த நேரத்தையும் உள்ளே கூப்பிட்ட நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். சிலர் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள். உள்ளே இருந்தது ஐந்து நிமிடம்கூட இல்லை. ஆறு மணிக்கு வரச் சொல்லிவிட்டு டாக்டரே ஆறே முக்காலுக்கு வந்தால் வேறு எப்படி இருக்கும்? (இதை அக்காவிடம் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.)

நோயாளிகளிடம் கேட்டால், "டாக்டரம்மா தங்கமானவங்க, ஒரு குறையும் இல்ல" என்கிறார்கள். அப்புறம் வருவதே இல்லை. 1988-இல் வந்த 'சர்வ்குவால்' என்ற கேள்வித்தாளைப் பற்றிப் படித்தேன். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியை 22 கேள்விகளில் அளப்பது. யோசனை நல்லதுதான், ஆனால் ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகக் கேட்க வேண்டும். காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தூக்கி வந்தவரிடம் 44 கேள்வியா?

கிளினிக் நடத்துபவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் மனதில் உள்ளதை வாங்க என்ன வழி? மறுநாள் போனில் கேட்டால் பேசுவார்களா? யார் கேட்பது? நேரம் குறித்து டோக்கன் கொடுப்பவர்கள், நடுவில் வரும் அவசர கேஸை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?