என் நோட்டில் இரண்டு 'கல்ப்': அரபுச் சொல் மனத்தில் ஒட்டிய கதைகள்

அரைகுறை எழுதியது:

அரபு படிக்க ஆரம்பித்த புதிதில் ஒரு பெரிய தவறு செய்தேன். எழுத்து கற்றுக்கொள்வது அப்புறம் ஆகட்டும், முதலில் சொற்களைச் சேர்ப்போம் என்று இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, கேட்ட சொல்லையெல்லாம் தமிழ் எழுத்திலேயே எழுதி வைத்தேன். ஆறு வாரத்தில் நோட்டு பாதி நிறைந்துவிட்டது. எனக்கோ தலைகால் புரியாத பெருமை.

கூட வேலை பார்க்கும் அரபு நண்பர் ஒருவரின் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அவர் லீவு முடிந்து வந்த அன்று, அவர் மொழியிலேயே விசாரிப்போம் என்று முதல் நாள் இரவே ஒத்திகை பார்த்துக்கொண்டு போய், "கைஃப கல்பு வாலிதிக?" என்று கேட்டேன். 'உங்கள் அப்பாவின் இதயம் எப்படி இருக்கிறது?' என்று கேட்பதாக நினைப்பு.

அவர் சற்று நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு நிதானமாக, "நாங்கள் நாய் வளர்ப்பதில்லையே" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரால் அதற்கு மேல் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேசையில் கிடந்த ஒரு தாளைத் திருப்பிப் போட்டு இரண்டு சொற்களை எழுதிக் காட்டினார். ஒன்றில் முதல் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளிகள். அது உள்நாக்குப் பக்கமிருந்து வரும் ககரம், அந்தச் சொல் இதயம். இன்னொன்று நம்முடைய சாதாரண ககரம், அந்தச் சொல் நாய். நல்ல மனிதர், கோபப்படவில்லை. வேறு யாராவது என்றால் என்ன ஆகியிருக்குமோ.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் 'கல்ப் – இதயம்'. பதினைந்து பக்கம் தள்ளி 'கல்ப் – நாய்'. இரண்டையும் எழுதியவன் நான்தான், இரண்டு முறையும் ஒரு சந்தேகமும் வரவில்லை. அப்புறம் தேடத் தேட வந்துகொண்டே இருந்தன. 'சைஃப்' என்றால் வாள், கோடைக்காலம் என்றாலும் 'சைஃப்'. 'தீன்' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன்: அத்திப்பழம், களிமண், மார்க்கம். அரபியில் மூன்றுக்கும் முதல் எழுத்து வேறு வேறு. தமிழில் எழுதும்போது மூன்றும் ஒரே தகரத்துக்குள் சுருண்டு படுத்துக்கொண்டன.

நோட்டை அன்றைக்கே மூட்டை கட்டினேன். மூன்று வாரம் சொல் எதையும் தொடவில்லை, 28 எழுத்துகள் மட்டும்தான். ஆனால் அந்த இரண்டு 'கல்ப்' இந்த ஜென்மத்தில் குழம்பாது. உங்களுக்கு அப்படி ஒட்டிக்கொண்ட சொல் எது? எப்படி ஒட்டியது? சொல்லுங்கள்.

புதுவரவு எழுதியது:

என்னுடையது சின்னக் கதை. அவசரம். காவலாளியிடம் போய் "ஐனல் ஹமாம்?" என்றேன். மனிதர் திரும்பி எதிர்க் கட்டடத்து மொட்டைமாடியைக் காட்டினார். அங்கே நாலு புறா உட்கார்ந்திருந்தது. ஹம்மாம் என்றால் குளியலறை, ஹமாம் என்றால் புறா. ஒரே ஒரு ஒற்றுதான் வித்தியாசம். அவர் வேண்டுமென்றே செய்தாரா என்று இன்னும் சந்தேகம்.

மூன்றெழுத்து எழுதியது:

@புதுவரவு, படு என்பதையும் பட்டு என்பதையும் பிரித்துச் சொல்லி வளர்ந்த நமக்கு இதில் தப்பிக்க வழியே இல்லை :) குறில் நெடிலும் அப்படித்தான். ஜமல் ஒட்டகம், ஜமால் அழகு. ஒருவரைப் பாராட்டும்போது கவனம்.

என் கதை அகராதியில் நடந்தது. 'மக்தபா' என்ற சொல்லுக்குப் பொருள் பார்க்க வேண்டியிருந்தது. ஹான்ஸ் வேர் என்பவர் பெயரில் உள்ள அரபு அகராதி கையில் இருந்தது. மகரத்தில் தேடினேன், இல்லை. பக்கம் கிழிந்திருக்குமோ என்று எண்ணைச் சரிபார்த்தேன். அரை மணி நேரம் போயிற்று. இவ்வளவு பெரிய அகராதியில் இந்தச் சொல் எப்படி இல்லாமல் போகும் என்று எரிச்சலோடு ஆசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் புத்தகத்தை வாங்கி ககரத்தில் திறந்தார். க-த-ப. அதன் கீழே ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது: கதப எழுதினான், கிதாப் புத்தகம், காதிப் எழுதுபவன், மக்தப் அலுவலகம், மக்தபா நூலகம், மக்தூப் எழுதப்பட்டது. அந்த அகராதி வேர் வரிசையில், அதாவது சொல்லுக்கு அடிப்படையான மெய்யெழுத்துகளின் வரிசையில் அடுக்கப்பட்டது. முன்னால் ஒட்டிய 'ம'வைக் கழற்றாமல் எதையும் தேட முடியாது. இது தெரியாமல் இரண்டு மாதம் அதை வைத்திருந்திருக்கிறேன்.

அன்றுமுதல் சொல்லைத் தனியாகப் படிப்பதை விட்டுவிட்டேன். வார்ப்புகளைப் பிடித்துக்கொண்டேன். 'ம' முன்னால் வந்து 'மஃப்அல்' என்ற அச்சில் விழுந்தால் பெரும்பாலும் இடம்: மத்பக் சமையலறை, மல்அப் விளையாட்டு மைதானம், மஸ்னஃ தொழிற்சாலை. ஒரு கட்டடத்தில் வழி தெரியாமல் நின்றபோது 'மக்ரஜ்' என்று பச்சைப் பலகை கண்ணில் பட்டது. நான் படிக்காத சொல். ஆனால் 'கரஜ' என்றால் வெளியேறினான் என்று தெரியும். 'ம' வந்திருக்கிறது, அப்போ வெளியேறும் இடம். கதவைத் தள்ளினேன், தெரு வந்தது. அந்தச் சந்தோஷம் இருக்கிறதே!

அதே மாதிரி நடு எழுத்து இரட்டித்துக் கடைசியில் ஆகாரம் வந்தால் பல நேரம் ஒரு இயந்திரம்: கசல கழுவினான், கஸ்ஸாலா துணி துவைக்கும் இயந்திரம். தல்ஜ் பனிக்கட்டி, தல்லாஜா குளிர்சாதனப் பெட்டி.

ஆனால் வேரைக் கண்மூடி நம்பாதீர்கள். ஷ-அ-ர என்ற வேருக்குக் கீழே போய்ப் பாருங்கள். ஷஅர் முடி, ஷிஅர் கவிதை, ஷுஊர் உணர்வு, ஷஈர் வாற்கோதுமை. உணர்விலிருந்து கவிதைக்குப் பாலம் போடலாம், சரி. வாற்கோதுமைக்கு எங்கே போவது? நான் ஒருநாள் முழுக்க யோசித்து, கதிரின் நுனியில் முடி மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதைப் பிடித்துக்கொண்டேன். சரியான காரணமோ இல்லையோ, சொல் நின்றுவிட்டது.

அட்டைப்பெட்டி எழுதியது:

நான் அட்டை கட்சி: ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள். அப்படி அட்டைகளைக் காட்டிக் கேட்கும் அன்கி செயலியில் ஒரு நாளைக்கு 50 புதுச் சொல் என்று வெறியோடு ஆரம்பித்தேன். முதல் வாரம் ராஜா மாதிரி இருந்தேன். மூன்றாவது வாரம் திறந்தால் 400 அட்டை திருப்புதலுக்குக் காத்திருந்தது. ஒருநாள் தள்ளிப்போட்டேன், 600. இன்னொரு நாள் தள்ளிப்போட்டேன். அப்புறம் செயலியைத் திறக்கவே பயம், கடன்காரன் வாசலில் நிற்பதுபோல.

மறதியை முதலில் முறையாக அளந்தவர் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர். பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885இல் வெளியிட்டார். முதல் சில மணி நேரத்தில்தான் பெரும்பகுதி போய்விடுகிறது, அதற்குப் பிறகு மெதுவாகத்தான் தேய்கிறது. அதனால்தான் படித்த அன்றே ஒருமுறை, மறுநாள் ஒருமுறை, அப்புறம் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவது. லைட்னர் பெட்டி என்பதும் இதே கதைதான்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் மறுபடி முதல் அறை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் 600 சேர்த்தேன்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு இப்போது ஒரு நாளைக்கு எட்டுதான். அட்டை எழுதும் விதத்தையும் மாற்றினேன். அதற்கு இரண்டு அவமானங்கள் காரணம்.

முதலாவது பன்மை. கிதாப் புத்தகம், அப்போ புத்தகங்கள்? நானே 'கிதாபாத்' என்று உருவாக்கி வகுப்பில் சொல்லிவிட்டேன். அப்படி ஒரு சொல் இருக்கிறது, ஆனால் அதற்கு எழுத்துகள், எழுதப்பட்டவை என்று பொருள். புத்தகங்கள் என்றால் குதுப். உள்ளே இருக்கும் உயிர்களே மாறிவிடுகின்றன. பைத் வீடு, புயூத் வீடுகள். கலம் பேனா, அக்லாம் பேனாக்கள். வலத் பையன், அவ்லாத் பையன்கள். இப்போது ஒருமையை மட்டும் எழுதி அட்டை போடுவதே இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில், பாட்டு மாதிரி சொல்லிப் பழகுகிறேன்: பைத் புயூத், கலம் அக்லாம்.

இரண்டாவது இதைவிட மோசம். 'ரகிப' என்றால் விரும்பினான் என்று அட்டையில் இருந்தது. ஒரு கடிதத்தில் இந்த வேலையில் எனக்கு விருப்பம் உண்டு என்று எழுத வேண்டும். பின்னால் 'ஃபீ' போட வேண்டிய இடத்தில் 'அன்' போட்டுவிட்டேன். ரகிப ஃபீ என்றால் விரும்பினான். ரகிப அன் என்றால் வேண்டாமென்று முகம் திருப்பிக்கொண்டான். விண்ணப்பத்தையும் எழுதி அதிலேயே வேலை வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். வேலை கிடைக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? வினைச்சொல்லை அதன் வாலோடு சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும் என்று எந்தப் புத்தகம் சொல்லியும் நான் கேட்டதில்லை, இது சொல்லிக்கொடுத்தது.

இலக்கணப்பித்து எழுதியது:

நமக்கு ஏற்கெனவே இருக்கும் சொல் கையிருப்பை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வக்கீல், வசூல், பாக்கி, அசல், நகல், ஆஜர், வாரிசு, ரத்து, சவால், ஜவாப் எல்லாம் அரபியிலிருந்து நம்மிடம் வந்து குடியேறியவை. நான் முதல் நூறு சொல்லை இப்படித்தான் பிடித்தேன்.

குடியேறியவை பிழைப்புக்காக வேறு வேலை பார்க்கின்றன என்பதுதான் சிக்கல். முதல்முறை ஒரு விமான நிலையத்தில் இறங்கி, பலகையில் 'அல்-வுசூல்' என்று எழுத்துக் கூட்டிப் படித்தபோது, அடடா, வாசலிலேயே வசூலா என்று பையைத் தடவிக்கொண்டேன். வுசூல் என்றால் வந்து சேர்தல். பணம் வந்து சேர்வதை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம். லாரியின் பக்கவாட்டில் 'நக்ல்' என்று பார்த்தால் அது நகல் எடுக்கும் கடை இல்லை, சரக்குப் போக்குவரத்து. சுஆல் வெறும் கேள்வி, சவால் ஒன்றும் இல்லை. வக்கீல் வேண்டும் என்று கேட்டால் முகவரைக் காட்டுவார்கள், நீதிமன்றத்துக்கு வேண்டியவர் முஹாமி. இப்படி விலகிப்போனவைதான் எனக்கு ரொம்ப நன்றாக நின்றன. அச்சாக ஒத்துப்போகும் 'பாக்கி'யை நான் நினைப்பதே இல்லை.

இன்னொன்று, பள்ளியில் படித்த தன்வினை பிறவினையைத் தூசி தட்டுங்கள். திருந்தினான், திருத்தினான். அரபியில் நடு எழுத்தை இரட்டித்தால் பல வினைகளில் இதே வேலை நடக்கிறது: தரஸ படித்தான், தர்ரஸ படிப்பித்தான். அலிம அறிந்தான், அல்லம அறிவித்தான், அதாவது கற்பித்தான். ஒரு சொல்லுக்கு இன்னொன்று இலவசம்.

ராப்பணி எழுதியது:

எல்லாரும் புத்தக அரபியைப் பேசுகிறீர்கள். என் ராத்திரி ஷிஃப்டுக்கு வந்து பாருங்கள். 'இப்போது' என்பதற்கு 'அல்ஆன்' என்று படித்துவிட்டுப் போனேன். எகிப்துக்காரர் 'தில்வஅத்தி' என்கிறார். சிரியாக்காரர் 'ஹல்லஅ'. வளைகுடாக்காரர் 'அல்ஹீன்'. மொராக்கோக்காரர் 'தாபா'. ஒரே மேசையில் நாலு இப்போது! நான் அல்ஆன் என்றால் நாலு பேரும் செய்தி வாசிப்பவரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். புரியாமல் இல்லை, நன்றாகவே புரிகிறது. ஆனால் சிரிக்கிறார்கள்.

நாலையும் சேர்த்துப் படிக்கப்போய் நாலும் குழம்பிற்று. ஒரே வாக்கியத்தில் எகிப்தும் மொராக்கோவும் வரும். இப்போது வாசிக்க எழுதப் புத்தக அரபி, வாய்க்கு எகிப்து மட்டும். பக்கத்து இருக்கைக்காரர் எகிப்து என்பது தவிர வேறு காரணம் இல்லை. மற்றவை காதில் விழும்போது புரிந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு ஒட்டிய சொல் 'கலாஸ்'. முடிந்தது, போதும், சரி, விடு என்று எல்லாவற்றுக்கும் அதுதான். அதைச் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் கேட்பதால் இன்னும் இனிப்பு.

புதுவரவு எழுதியது:

@அட்டைப்பெட்டி அக்கா, ரகிப அன் படித்துவிட்டு அலுவலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஒரு நாளைக்கு எட்டு போதுமா? ஆமை வேகமாகத் தெரிகிறதே.

அட்டைப்பெட்டி எழுதியது:

ஐம்பது போட்டு மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சாததற்கு எட்டு பரவாயில்லை தம்பி. அதிலும் ஞாயிற்றுக்கிழமை புதுச் சொல் கிடையாது, பழசு மட்டும்தான்.

அரைகுறை எழுதியது:

ஒரு சேதி சொல்ல மறந்துவிட்டேன். போன வாரம் அந்த நண்பரின் அப்பா அலுவலகப் பக்கம் வந்திருந்தார், நடந்தே. நேராகப் போய் முன்னால் நின்று, உள்நாக்கிலிருந்து ககரத்தை இழுத்து, "கைஃப கல்புக?" என்று கேட்டேன். அவர் நெஞ்சில் கை வைத்து "நலம், அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு மகனைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, என்னிடம் குனிந்து, நம்முடைய சாதாரண ககரத்தில் சொன்னார்: "கல்பும் நலம்."