புது கேமிங் கணினிக்கு இரண்டு மானிட்டர்: 1440பி-யா, 4கே-யா?

கேள்வி:
புதிதாக கேமிங் கணினி ஒன்று அசெம்பிள் செய்கிறேன். கிராபிக்ஸ் கார்டு நடுத்தர ரகம். இதுவரை 24 அங்குல 1080பி திரை (மேலிருந்து கீழாக 1080 பிக்சல், அதாவது படப்புள்ளி) ஒன்றுதான். இப்போது இரண்டு புதுத் திரை வாங்க ஆசை: ஒன்றில் கேம், இன்னொன்றில் சாட், வீடியோ. கையைக் கடிக்காமல் நல்ல தெளிவு வேண்டும். இரண்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டுமா?

முதல் பதில்:
27 அங்குல 1440பி எடுங்கள். 1080பி-யில் சுமார் 21 லட்சம் பிக்சல், 1440பி-யில் 37 லட்சம், 4கே-யில் 83 லட்சம். புது கேம்களை 4கே-யில் ஓட்டினால் உங்கள் கார்டு திணறும். 27 அங்குலத்தில் 1080பி மட்டும் வேண்டவே வேண்டாம், எழுத்தின் ஓரமெல்லாம் பிசிறாகத் தெரியும்.

ஒரே மாடல் தேவையில்லை. சாட்டுக்கு 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கும் வேகம்) தாராளம். மிச்சமாகும் பணத்தை கேம் திரையில் போடுங்கள். ஆனால் இரண்டும் ஒரே அளவு, ஒரே ரெசல்யூஷன் (பிக்சல் எண்ணிக்கை) என்றால் நல்லது. இல்லாவிட்டால் மவுஸை அடுத்த திரைக்கு நகர்த்தும்போது சில இடங்களில் ஓரத்தில் முட்டி நிற்கலாம்.

இன்னொருவர்:
பேனலையும் (திரைப் பலகையின் வகை) பாருங்கள். விஏ, ஐபிஎஸ் என்று வகைகள் உண்டு. விஏ-யில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் வேகமான காட்சியில் இருண்ட பகுதிகள் இழுபடும். பக்கவாட்டில் வைக்கும் திரைக்கு ஐபிஎஸ்தான் சரி, சாய்வாகப் பார்த்தாலும் நிறம் வெளுக்காது.

கேட்டவர்:
சரி, 1440பி முடிவு. பழைய எச்டிஎம்ஐ கேபிள் போதுமா?

முதல் பதிலளித்தவர்:
கேம் திரைக்கு டிஸ்ப்ளேபோர்ட் (இன்னொரு வகைத் திரை இணைப்பு) கேபிள் போடுங்கள். கேம் திரை 144 ஹெர்ட்ஸ் என்றால், அப்புறம் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் போய் 144 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். பல நேரம் அது 60-லேயே நிற்கும்.