விளையாட்டு ஹாலிலேயே ஹோம் தியேட்டர்: திரையை எந்தச் சுவரில் வைப்பது?

நீலவானம்:
வணக்கம். எங்கள் மாடி ஹாலில் ஹோம் தியேட்டர் வைக்கப் போகிறோம். ஹால் 24க்கு 14 அடி. டேபிள் டென்னிஸ் மேஜையும் கேரம் போர்டும் அங்கேதான் இருக்கின்றன. ப்ரொஜெக்டர், 5.1 ஸ்பீக்கர் செட் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) என்று யோசனை. நாளை மறுநாள் எலக்ட்ரீஷியன் வருகிறார். திரை எந்தச் சுவரில் என்று அதற்குள் முடிவு செய்தாக வேண்டும். அவசரம்.

ஒளிக்கீற்று:
ஜன்னல் எந்தப் பக்கம், எத்தனை? சீலிங் உயரம்?

பேஸ்பிரியன்:
திரையை அப்புறம் பார்க்கலாம், முதலில் சப்வூஃபருக்கு, அதாவது பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கான பெட்டிக்கு, இடம் பாருங்கள். மூலையில் வைத்தால் பேஸ் கும்மென்று வரும். ஆனால் ஒரு இருக்கையில் அதிரும், பக்கத்து இருக்கையில் காணாமல் போய்விடும். சப்வூஃபரை நீங்கள் உட்காரப் போகும் சோபா மேல் வைத்துப் பாட்டைப் போடுங்கள். சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே கேளுங்கள். எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கேதான் அதை வைக்க வேண்டும்.

பழைய ஆம்ப்:
நீள அகலத்தை மட்டும் எழுதிவிட்டு யோசனை கேட்பவர்களுக்கு எத்தனை தடவைதான் சொல்வது? விளையாட்டும் படமும் ஒரே நேரத்திலா, வெவ்வேறு நேரத்திலா? அது தெரியாமல் ப்ரொஜெக்டர் பேச்சே வீண். அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

நீலவானம்:
நீளச் சுவர் ஒன்றில் இரண்டு பெரிய ஜன்னல்கள். சீலிங் ஒன்பதரை அடி. ஒரே நேரத்தில்தான். பிள்ளைகள் விளையாடுவார்கள், நாங்கள் படம் பார்ப்போம்.

ஒளிக்கீற்று:
அப்படியானால் ப்ரொஜெக்டர் வேண்டாம். அதனால் வெளிச்சத்தைத்தான் வீச முடியும், கறுப்பை வீச முடியாது. விளக்கு எரியும்போது வெறும் திரை எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறதோ, படத்தில் வரும் கறுப்பும் அவ்வளவுதான். பந்து தெரிய மேஜைக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். அந்த வெளிச்சத்தில் இரவுக் காட்சியெல்லாம் சாம்பல் பூத்துவிடும். 85 இன்ச் டிவி வாங்குங்கள்.

அளவுகோல்:
டிவி என்றாலும் இடம் பற்றாது, கணக்குப் போட்டுப் பாருங்கள். 85 இன்ச் டிவிக்கு 9 முதல் 11 அடி தள்ளி உட்கார வேண்டும். சோபாவையும் சேர்த்தால் 13 அடி போய்விடும். மிச்சம் 11 அடி. மேஜை 9க்கு 5 அடி. நீளவாக்கில் போட்டால் ஒவ்வொரு முனையிலும் ஓரடி, குறுக்கே போட்டால் இரண்டரை அடி. பின்னால் நகர்ந்து அடிக்க வழியே இல்லை. மேஜை மடியுமா?

தேன்சிட்டு:
கீழே தூங்குபவர்களையும் நினையுங்கள். சுவர் முழுக்க ஃபோம் ஒட்டினால் சத்தம் வெளியே போகாது.

பேஸ்பிரியன்:
தவறான தகவல். ஃபோம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். சத்தத்தைத் தடுக்கக் கனமான சுவர் வேண்டும், சந்தெல்லாம் அடைபட வேண்டும். முதலில் கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை ஒட்டச் சொல்லுங்கள்.

தேன்சிட்டு:
எங்கள் அறையில் ஒட்டியிருக்கிறோம், நல்ல வித்தியாசம் தெரிகிறது.

பேஸ்பிரியன்:
உள்ளே உட்கார்ந்து கேட்டால் தெரியத்தான் செய்யும். கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று கேளுங்கள். பேஸ் அப்படியே வரும்.

பழைய ஆம்ப்:
ஃபோம் சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள். இவர் கேட்டது திரை.

நீலவானம்:
மேஜை மடியும், சக்கரமும் உண்டு.

அளவுகோல்:
அப்படியென்றால் வேலை சுலபம். நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள், ப்ரொஜெக்டரே வைக்கலாம். 14 அடி உள்ள குட்டைச் சுவரில் சுருட்டும் திரை போடுங்கள், விளையாடும்போது மேலே ஏறிவிட்டால் பந்து படாது. மூலைக்கு மூலை 110 இன்ச் உள்ள திரைக்கு அகலம் 8 அடி. த்ரோ ரேஷியோ (திரை அகலத்தைப் போல எத்தனை மடங்கு தள்ளி வைக்க வேண்டும் என்ற கணக்கு) 1.5 உள்ள ப்ரொஜெக்டர் என்றால் லென்ஸ் 12 அடி தள்ளி வர வேண்டும். சோபா 11 முதல் 15 அடிக்குள். ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை கட்டாயம்.

நீலவானம்:
வீட்டில் பேசிவிட்டோம். மாலையில் விளையாட்டு, இரவில் படம். குட்டைச் சுவர், சுருட்டும் திரை. எல்லோருக்கும் நன்றி.

ஒளிக்கீற்று:
எலக்ட்ரீஷியனிடம் ப்ரொஜெக்டர் வரைக்கும் அகலமான குழாய் பதிக்கச் சொல்லுங்கள். இவ்வளவு நீளத்துக்குச் சாதாரண எச்டிஎம்ஐ கேபிளில் 4கே படம் விட்டுவிட்டு வரலாம், ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள் (உள்ளே ஒளியிழை உள்ளது) வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு: ஒரு முனை ஆம்ப்ளிஃபயருக்கு, மறுமுனை ப்ரொஜெக்டருக்கு. மாற்றி இழுத்தால் படம் வராது. குழாய் எந்த வழியாகப் போகிறது, சீலிங்கா, சுவரா?