மொரிஸ் மைனர் முன்பக்க றபர் புஷ்கள்: உங்கள் அனுபவம் தேவை

வணக்கம். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் 1961ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 ஒன்று நிற்கிறது. அப்பாவின் கார். என்ஜின் இன்னும் அருமை. ஆனால் பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் 'டொக்' என்று தட்டுகிறது, ஸ்டியரிங்கும் ஒரு பக்கம் இழுக்கிறது.

ஜாக்கி போட்டுப் பார்த்தோம். சில்லைத் தாங்கும் கீழ்க் கையை (லோவர் ஆம்) முன்னால் பிடித்திருக்கும் டை ரொட் என்ற கம்பியின் றபர் புஷ்கள், அதாவது அதிர்வைத் தாங்கும் றபர் வளையங்கள், வெடித்துப் பிளந்திருக்கின்றன. பிரேக் அடிக்கும்போது அந்தக் கை பின்னுக்குப் போகாமல் தடுப்பதே அவைதான். சத்தத்துக்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். அதே கையின் உள்முனையைப் பிடிக்கும் ஐ போல்ட்டின் புஷ்களும் நசிந்துவிட்டன. பின்பக்க இலை வில்லைத் தொங்கவிடும் ஷக்கிள் இணைப்பின் றபர்கள் பரவாயில்லை, ஆனாலும் ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன்.

என் முக்கியமான கேள்வி, அசல் மாதிரி றபரா, பொலியூரித்தேன் என்ற கடினமான செயற்கைப் பொருளா? பொலியூரித்தேன் எண்ணெய்க்கு அசையாது, நெடுநாள் உழைக்கும். ஆனால் எங்கள் உள்வீதிக் குழிகளில் அதிர்வு கூடும் என்று பயமாக இருக்கிறது. இந்தக் காரின் மென்மையே அதன் அழகு, அதை இழக்க மனம் வரவில்லை.

அப்புறம், ஐ போல்ட் புஷ் மாற்ற முறுகி நின்று வில்லாக வேலை செய்யும் டோர்ஷன் பார் கம்பியின் விசையை இறக்க வேண்டும். அது திடீரென்று விலகினால் ஆபத்து. இதைக் கையால் செய்து பழகிய மெக்கானிக் யாரையாவது வடக்கில் தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் நல்ல றபர் கிடைக்கிறதா, இல்லை இங்கிலாந்திலிருந்துதான் எடுப்பிக்க வேண்டுமா? போல்ட்டுகளின் கடைசி இறுக்கலை கார் சில்லில் நிற்கும்போதுதான் செய்ய வேண்டுமா என்பதையும் செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.